மைனாவை யாரும் எண்ணுவதில்லை

பஸ் நின்றுவிட்டது. முன்னால் ஒரு சுற்றுலா வேன் குறுக்கே நிற்கிறது, வேனுக்கு முன்னால் வரையாடு நிற்கிறது, வரையாட்டுக்கு முன்னால் யாரும் ஒன்றும் சொல்லிவிட முடியாது. வால்பாறையிலிருந்து இறங்கும் பாதையில் இந்த ஒன்பதாம் வளைவில் எப்போதும் நடக்கிற கூத்துதான். டிரைவர் எஞ்சினை அணைத்துவிட்டார், ஹாரன் அடித்தால் ஃபாரஸ்ட் வாட்சர் முறைப்பார். மாடு நின்றால் அடிக்கிறார்கள், ஆடு நின்றால் திட்டுகிறார்கள், இதுவும் ஆடுதான், ஆனால் வரையாடு, அதனால் பஸ்ஸே கைகட்டி நிற்கிறது. நானும் நிற்கிறேன், அதாவது உட்கார்ந்திருக்கிறேன், ஆன்டோவின் வலது காலை என் மடியில் தூக்கி வைத்துக்கொண்டு. முட்டி நேற்றைவிட வீங்கியிருக்கிறது. சூடாக இருக்கிறது. ஒரு துணியைச் சுருட்டிக் கீழே கொடுத்திருக்கிறேன், ஒவ்வொரு வளைவிலும் இரண்டு கையாலும் காலைப் பிடித்துக்கொண்டே வந்ததில் என் தோள் கழன்றுவிடும் போலிருக்கிறது. இன்னும் எட்டு வளைவு, அப்புறம் ஆழியாறு, அப்புறம் பொள்ளாச்சி, அங்கே மூத்தவள் மெர்சியை அவள் அத்தை வீட்டில் விட்டுவிட்டு நானும் இவனும் கோயம்புத்தூர் பெரிய ஆஸ்பத்திரிக்கு. விட்டுவிட்டு. இந்த வார்த்தை காலையிலிருந்து தொண்டையில் மீன்முள் மாதிரி நிற்கிறது. விட்டுவிட்டு என்றால் என்ன, கொண்டுபோய்த் தள்ளிவிட்டா வருகிறேன், நல்ல பள்ளிக்கூடம், நாத்தனாருக்குப் பிள்ளை இல்லை, தங்கமாகப் பார்த்துக்கொள்வாள், என் வீட்டுக்காரர் செபாஸ்டின் நைட் ஷிப்டு போனால் வீட்டில் நான் ஒருத்தி, இரண்டு பிள்ளையை எப்படிப் பார்ப்பேன். இதை எத்தனை தடவை எனக்கு நானே சொல்லிவிட்டேன். சரியான காரணத்தை ஒரு தடவை சொன்னால் போதாதா.

"அம்மா, குட்டி," என்கிறான் ஆன்டோ. ஆமாம், குட்டி. தாயின் வயிற்றோடு ஒட்டிக்கொண்டு நடக்கிறது, தடுப்புச் சுவரின் மேல், அந்தப் பக்கம் பாதாளம். ஒரு பிசகு பிசகினால் எலும்புகூடக் கிடைக்காது. ஆனால் அது பிசகாது. கிடா ஒன்று கறுப்பாக, முதுகில் சாம்பல் பூசினாற்போல, ரோட்டு நடுவில் நின்று எல்லோரையும் பார்க்கிறது. வேன்காரர்கள் போனைத் தூக்கிப் பிடித்திருக்கிறார்கள். பின்படிக்கட்டு வழியாகக் கல்லூரிப் பையன்கள் திமுதிமுவென்று இறங்கும் சத்தம். ஓசைப்படாமல் பார்க்கச் சொல்கிறார் வாட்சர், கிட்டே போகாதீங்க, தொடாதீங்க. தொடாதீங்க. இதைத்தானே நானும் ஏழு வருஷமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். தொடாதீங்க, தூக்காதீங்க, இடிக்காதீங்க. அடிபட்டால் இவனுக்கு ரத்தம் நிற்காது. வெளியே வந்தாலாவது தெரியும், மூட்டுக்குள்ளேயே கசிந்து வீங்கும். முதலில் பல் விழுந்தபோது தலையணை நனைந்து பாயும் நனைந்தது. ஐயாயிரம் ஆம்பிளைப் பிள்ளையில் ஒன்றுக்குத்தான் இப்படி வரும் என்றார் டாக்டர், ஏதோ பரிசு விழுந்த மாதிரி. தாய் வழியாக வரும் என்றும் சொன்னார். அப்போதுதான் என் தம்பி ஞாபகம் வந்தது. பால்பல் ஆடி விழுந்து மூன்றாம் நாள் செத்துப்போனான், பேய் அடித்தது என்றார்கள். பேய் இல்லை, நாங்கள்தான். அம்மாவிடம் இருந்தது, என்னிடம் இருக்கிறது, இவனுக்கு வந்தது. மகளுக்கும் இருக்கலாம், ஒரு டெஸ்ட் எடுத்துவிடுங்கள் என்றார். அவளுக்கு இப்போது ஒன்றும் செய்யாதே சார் என்றேன். செய்யாது, ஆனால் தெரிந்து வைத்திருப்பது நல்லது என்றார். சரி, அடுத்த தடவை என்றேன். எத்தனை அடுத்த தடவை போய்விட்டது. இவனுக்கு ஊசி, இவனுக்கு ஸ்கேன், இவனுக்குக் காலில் கட்டு, அவளுக்கு அடுத்த தடவை.

எஸ்டேட்டில் இவனைத் தெரியாத ஆள் கிடையாது. கங்காணி கேட்பார், டீச்சர் கேட்பார், கோயில் பாதர் கேட்பார், பையன் எப்படிம்மா இருக்கான். மெர்சி பக்கத்தில்தான் நின்றுகொண்டிருப்பாள், தம்பியின் பையைத் தூக்கிக்கொண்டு. அவளை யாரும் கேட்கமாட்டார்கள், கேட்க என்ன இருக்கிறது, நன்றாகத்தானே இருக்கிறாள். ஆக்கிப் போட்டதைத் தின்பாள், எதையும் வேண்டாம் என்றதில்லை, காய்ச்சல் வந்தாலும் தானே படுத்துத் தானே எழுந்திருப்பாள். இதோ இந்த மைனாக்கள் மாதிரி. இவ்வளவு நேரம் நான் பார்க்கவே இல்லை, ரோடு முழுக்க மைனா. வரையாட்டின் காலுக்கு நடுவில் துள்ளித் துள்ளி நடக்கின்றன, புல்லில் எழும்புகிற பூச்சியைக் கொத்துகின்றன. ஒன்று கிடாவின் முதுகிலேயே ஏறி உட்கார்ந்திருக்கிறது, என்னமோ தன் வீட்டுக் கட்டில் மாதிரி. வேனில் வந்த ஒரு அம்மாள் போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, ச்சூ ச்சூ என்கிறாள். எதற்கு? மைனாவை விரட்டுகிறாள். படத்தில் மைனா விழக்கூடாதாம். எனக்குச் சிரிப்பு வருகிறது, உடனே நின்றுவிடுகிறது. இந்த மைனாவும் வரையாடும் சேர்ந்து நிற்பதை நான் ஏற்கெனவே எங்கேயோ கேட்டிருக்கிறேன். எங்கே. மெர்சிதான். வன உயிரின வாரத்துக்குப் பள்ளிக்கூடத்தில் பேச்சுப்போட்டி வைத்தார்கள், ஒரு பறவையையும் ஒரு விலங்கையும் ஒப்பிட்டுப் பேச வேண்டும். எல்லாரும் மயிலையும் யானையையும் எடுத்துக்கொண்டார்கள், இவள் மைனாவையும் வரையாட்டையும் எடுத்தாள். நான் போகவில்லை. அன்றைக்கும் இவனுக்கு முட்டிதான்.

வீட்டில் சொல்லிக் காட்டினாள். நான் ஐஸ்கட்டியைத் துணியில் சுற்றி இவன் முட்டியில் வைத்து அழுத்திக்கொண்டிருந்தேன், அவள் அடுப்பு மேடையில் சாய்ந்து நின்று கையைப் பின்னால் கட்டிக்கொண்டு சொன்னாள். மைனா ஊரெல்லாம் இருக்கும், வரையாடு நம் மலையில் மட்டும்தான் இருக்கும். மைனா எது கிடைத்தாலும் தின்னும், சுவர் ஓட்டையிலும் கூடு கட்டும், பஸ் ஸ்டாண்டிலும் தூங்கும். வரையாட்டுக்கு உச்சிப்பாறையும் அங்கே முளைக்கிற புல்லும் வேண்டும். வரையாடு ஈற்றுக்கு ஒரு குட்டிதான் போடும், அதனால் அதைக் காப்பாற்ற வேண்டும். கடைசியில் ஒரு வரி சொன்னாள். டீச்சர் அதை அடித்துவிட்டார், போட்டியில் சொல்ல விடவில்லை, உனக்கு மட்டும் சொல்றேன்மா என்று சொன்னாள். என்ன வரி அது. ஞாபகம் வரவில்லை. நான் நல்லாருக்கு என்றேன், அது மட்டும் ஞாபகமிருக்கிறது, அவள் முகத்தைப் பார்க்காமலே சொன்னதும் ஞாபகமிருக்கிறது, ஐஸ் உருகிப் பாயில் ஓடியதும் ஞாபகமிருக்கிறது. அந்த வரி. ஏதோ எண்ணுவது பற்றி. ஃபாரஸ்ட்காரர்கள் வருஷா வருஷம் வந்து வரையாட்டை எண்ணுகிறார்கள், பைனாகுலர் மாட்டிக்கொண்டு மலை மலையாக ஏறி, எத்தனை பெட்டை, எத்தனை குட்டி என்று. ஆமாம், இப்போது வருகிறது. மைனா குறைந்தால் யாருக்கும் தெரியாது, ஏனென்றால் மைனாவை யாரும் எண்ணுவதில்லை. அதுதான். பதினொரு வயசுப் பிள்ளை எழுதினது. எனக்கு அழுகை வருகிறது, பஸ்ஸில் வைத்து அழுதால் இவன் பயந்துவிடுவான். மூக்கை உறிஞ்சிக்கொள்கிறேன்.

இறங்குவதற்குள் அவளிடம் ஏதாவது பேசிவிட வேண்டும். என்ன பேசுவது. கோபித்துக்கொண்டு கடைசி சீட்டில் போய் உட்கார்ந்திருக்கிறாள், வால்பாறையில் ஏறியதிலிருந்து. கோபம் என்றுகூடச் சொல்ல முடியாது, இங்க இடம் இல்லைம்மா, தம்பி காலு நீட்டணும் என்று சொல்லிவிட்டுத்தான் போனாள். அத்தை வீட்டுக்குப் போகணும் என்று போன வாரம் சொன்னபோதும் அழவில்லை, ஏன் என்றுகூடக் கேட்கவில்லை. ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். சாயந்திரம் ஆன்டோவ யாரு கூப்பிடுவா? எனக்கு அப்போதே உயிர் போய்விட்டது. எஸ்டேட்டில் எங்கள் லைன் வீட்டு வரிசையில் இருட்டுவதற்கு முன்னால் ஒவ்வொரு வாசலிலும் ஒருத்தி நிற்பாள். மேல் டிவிசனில் ஒரு பிள்ளையைச் சிறுத்தை இழுத்துப் போனதிலிருந்து அப்படித்தான். பிள்ளையின் பேரைச் சொல்லிச் சத்தமாகக் கூப்பிட வேண்டும், வீட்டுக்குள்ளேயிருந்து 'உள்ள' என்று பதில் வர வேண்டும். கண்ணால் பார்த்தாலும் போதாது, பதில் வந்தால்தான் தாழ்ப்பாள். லைன் முழுக்கப் பேரும் உள்ள உள்ள என்ற சத்தமுமாகக் கொஞ்ச நேரம் கேட்கும், அப்புறம் கதவுகள் சாத்துகிற சத்தம். இவனுக்கு நோய் என்று தெரிந்த பிறகு நான் அந்த நேரத்தில் வெந்நீரும் மருந்துமாக இருப்பேன், மெர்சிதான் வாசலில் நின்று கூப்பிடுவாள். ஆன்டோ. உள்ள. அப்புறம் அடுப்படிப் பக்கம் திரும்பி, எல்லாம் உள்ளம்மா, தாப்பா போட்டுக்கோ என்பாள். நான் போடுவேன். எத்தனை சாயந்திரம். அவள் எல்லாம் உள்ள என்று சொல்லும்போது அவள் எங்கே நிற்கிறாள் என்று நான் ஒரு நாளாவது.

"அக்கா," என்கிறான் ஆன்டோ, ஜன்னலில் மூக்கை வைத்துக்கொண்டு. அக்கா தூங்குவா, கத்தாதே என்கிறேன். அவன் முட்டியை அசைக்கிறான், அசைக்காதே என்கிறேன், துணி நழுவுகிறது, குனிந்து சரி செய்கிறேன். வெளியே விசில். வரையாடுகள் நகர்ந்துவிட்டன போலிருக்கிறது, கிடா பாறையில் ஏறுகிறது, பெட்டை ஏறுகிறது, குட்டி ஒரு தாவு தாவி ஏறுகிறது, எல்லாரும் ஹோ என்கிறார்கள். வேன் நேராகிறது. பையன்கள் ஓடி வந்து ஏறுகிறார்கள், பஸ் ஒரு பக்கம் சாய்கிறது, நான் இவன் காலைப் பிடித்துக்கொள்கிறேன். கண்டக்டர் நடுவில் நின்று, எல்லாரும் ஏறியாச்சா, கூட வந்த ஆளு இருக்காங்களான்னு பாத்துக்குங்க என்கிறார். என்னைப் பார்த்து, "ஏம்மா, உங்க ஆளுங்க ஏறியாச்சா?" என்கிறார். நான் இவனை அணைத்துக்கொண்டு, "ஏறியாச்சுங்க," என்கிறேன். பஸ் கிளம்புகிறது. காற்று வருகிறது. நல்லவேளை, இருட்டுவதற்குள் ஆஸ்பத்திரி போய்விடலாம்.

வளைவு வருகிறது. எட்டு என்று கல்லில் எழுதியிருக்கிறது. இந்த இடத்தில் ஒரு சத்தம் வர வேண்டும், வரவில்லை. என்ன சத்தம். மெர்சி வளைவு எண்ணைச் சத்தமாகப் படிப்பாள், எப்போது இந்த ரோட்டில் வந்தாலும் நாற்பதிலிருந்து படிப்பாள், தம்பிக்குப் பராக்குக் காட்ட ஆரம்பித்தது, அப்புறம் பழக்கமாகிவிட்டது. இன்றைக்குக் கடைசி சீட்டிலிருந்தும் படித்துக்கொண்டுதான் வந்தாள், கோபத்திலும் விடவில்லை, பத்து என்றது என் காதில் விழுந்தது. ஒன்பது என்றதும் விழுந்தது. எட்டு விழவில்லை. கோபம் முற்றிவிட்டது, சரி, பொள்ளாச்சியில் இறங்கி ஒரு டீ வாங்கிக் கொடுத்துப் பேசலாம். இல்லை, தூங்கிவிட்டாள். தூங்கினால் நல்லதுதான். மெர்சி பஸ்ஸில் தூங்கவேமாட்டாளே. ஆன்டோ என்னைப் பார்க்கிறான். "எட்டு ஏம்மா யாரும் சொல்லல?" என்கிறான். நான் திரும்புகிறேன். நின்றுகொண்டிருக்கிற பையன்களின் இடுப்புக்கு நடுவில் கடைசி சீட்டு தெரிகிறது, அவள் பை தெரிகிறது, பைக்குப் பக்கத்தில் யாரும் இல்லை. பை மட்டும் இருக்கிறது. அக்கா என்று அவன் ஜன்னலில் மூக்கை வைத்துச் சொன்னானே. ஜன்னலுக்கு வெளியே பார்த்துத்தானே சொன்னான். தூங்குவா என்றேனே. ஏறியாச்சுங்க என்றேனே, என் வாயால், இவனைப் பிடித்துக்கொண்டு, என் ஆளுங்க ஏறியாச்சு என்று.

என்ன சத்தம் போட்டேன் என்று எனக்குத் தெரியவில்லை, பஸ் நிற்கிறது. பக்கத்து சீட்டில் மடித்த குடையோடு ஒரு ஆள் உட்கார்ந்திருக்கிறார், வால்பாறையிலிருந்து ஒரு வார்த்தை பேசாதவர். அவர் மடியில் ஆன்டோவின் காலை எடுத்து வைக்கிறேன். இடிக்காம பாத்துக்குங்க, ரத்தம் நிக்காது என்கிறேன். அவர் முகம் வெளிறிப்போகிறது, இரண்டு கையாலும் நிறைகுடத்தைப் பிடிப்பது போலப் பிடித்துக்கொள்கிறார். ஏழு வருஷத்தில் இவனை இப்படி யாரிடமும் கொடுத்ததில்லை. இறங்கி ஓடுகிறேன். மேட்டில் ஓட முடியவில்லை, செருப்பு ஒன்று போய்விட்டது, கண்டக்டர் பின்னாலிருந்து ஏதோ கத்துகிறார். ஒரு பக்கம் பாறை, ஒரு பக்கம் சுவர், சுவருக்கு அந்தப் பக்கம். பார்க்காதே. வரையாடு பிசகாது, என் பிள்ளை பிசகும். சிறுத்தை பகலில் வராது, வரும், போன மாசம் பகலில்தான் வந்தது. மாதாவே, அவளைக் காட்டு, அத்தை வீட்டுக்கு அனுப்பமாட்டேன், அவளைக் காட்டு. பேரம் பேசுகிறேன், மாதாவிடம், மூச்சு வாங்கிக்கொண்டு. அவள் என்ன சட்டை போட்டிருக்கிறாள். காணோம் என்று போலீஸில் சொன்னால் முதலில் இதைத்தான் கேட்பார்கள். மஞ்சளா. நேற்றுக் காயப்போட்டது மஞ்சள். ஆன்டோ நீலக்கோடு போட்ட டீசர்ட்டு, முட்டிக்கு மேல் மடித்த டவுசர், வலது காதுக்குப் பின்னால் ஒரு மச்சம். அவளுக்கு என்ன சட்டை. எனக்குத் தெரியவில்லை. தெரியவில்லை.

சிவப்பு. சிவப்புச் சட்டை. ஒன்பதாம் வளைவில் சுவரின் மேல் உட்கார்ந்திருக்கிறாள், காலை ரோட்டுப் பக்கம் தொங்கப்போட்டுக்கொண்டு. வாட்சர் தூரத்தில் பாறையைப் பார்த்து நிற்கிறார், வரையாடு போன திசையில். அவளைச் சுற்றி மைனாக்கள், அவள் கையில் ஒரு பிஸ்கட், பிய்த்துப் பிய்த்துப் போடுகிறாள். நான் வருவதைப் பார்க்கிறாள், எழுந்திருக்கவில்லை. என் செருப்பில்லாத காலைப் பார்க்கிறாள். நான் அவளைப் பிடித்து உலுக்குகிறேன், கட்டிக்கொள்கிறேன், முதுகில் ஒன்று வைக்கிறேன், மறுபடியும் கட்டிக்கொள்கிறேன். பஸ் கெளம்புறது தெரியலையா, கத்தியிருக்கலாம்ல, ஓடி வந்திருக்கலாம்ல என்கிறேன். அவள் கையைத் தட்டிக்கொள்கிறாள், பிஸ்கட் தூள் விழுகிறது.

"கத்தலம்மா. எந்த வளைவுல நிப்பாட்டுவீங்கன்னு பாத்துட்டிருந்தேன்."

கோபமாகச் சொல்லவில்லை. பேச்சுப்போட்டியில் சொல்வது மாதிரி, கையைப் பின்னால் கட்டாத குறைதான். பஸ் எட்டைத் தாண்டி நிற்கிறது. அவளே எட்டிப் பார்க்கிறாள், கீழே ரோட்டில் பஸ்ஸின் கூரை தெரிகிறது. "ஏழு வரல," என்கிறாள். "நான் ஆழியாறு வரைக்கும் நெனச்சேன்."  கீழே ஹாரன் அடிக்கிறார்கள், இப்போது ஹாரன் அடிக்கலாம், வரையாடு போய்விட்டது. அவள் கையைப் பிடித்துக்கொண்டு இறங்குகிறேன். அந்தக் கை காய்த்திருக்கிறது, தண்ணீர்க் குடம் தூக்குகிற கை. பாதி வழியில் என் செருப்பு கிடக்கிறது, அவள் குனிந்து எடுத்து என் காலடியில் திருப்பி வைக்கிறாள். அத்தை வீட்டுக்குப் போக வேண்டாம் என்கிறேன். நீயும் ஆஸ்பத்திரிக்கு வா, உனக்கும் ஒரு டெஸ்ட் எடுக்கணும், ரொம்ப நாளா எடுக்கணும் என்கிறேன். செபாஸ்டினிடம் என்ன சொல்வது, நாத்தனார் சமைத்து வைத்துக் காத்திருப்பாள், மெத்தைக்குப் புது உறை தைத்திருக்கிறாளாம், என்ன சொல்வது, எதையாவது சொல்லிக்கொள்ளலாம். அவள் நம்பவில்லை. இன்னைக்கு மட்டுமா என்று கேட்கிறாள். இல்லை என்கிறேன். அதையும் நம்பவில்லை, ஆனால் கையை விடவில்லை.

பஸ்ஸில் எல்லாரும் எங்களைத்தான் பார்க்கிறார்கள். குடைக்காரர் அசையவே இல்லை, ஆன்டோவின் கால் அவர் மடியில் வைத்த இடத்திலேயே இருக்கிறது, அவர் நெற்றி வேர்த்திருக்கிறது. அவன் பேசாமல் அவர் குடையைத் திறந்து மூடிப் பார்த்துக்கொண்டிருக்கிறான். இன்னும் கொஞ்ச நேரம் வைத்திருக்கிறீர்களா என்று கேட்கிறேன், அவர் தலையாட்டுகிறார். நான் கடைசி சீட்டுக்குப் போகிறேன், அவள் பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு அவள் பக்கத்தில் உட்காருகிறேன். கண்டக்டருக்கு எரிச்சல், இருக்காதா பின்னே. "இப்பவாச்சும் எல்லாரும் உள்ள இருக்காங்களாம்மா?" என்கிறார். மெர்சி வாயைத் திறக்கிறாள். எல்லாம் உள்ள என்று சொல்லத்தான், பழக்கம். நான் அவள் வாயைப் பொத்துகிறேன். லைன் வாசலில் நின்று கூப்பிடுவது போல, பஸ் முழுக்கக் கேட்கும்படி, மெர்சீ என்று கூப்பிடுகிறேன். பையன்கள் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். கையை எடுக்கிறேன். அவள் பதில் சொல்லவில்லை, என்னையே பார்க்கிறாள், டிரைவர் கண்ணாடியில் பார்க்கிறார், எஞ்சின் உறுமிக்கொண்டே இருக்கிறது. பதில் வராமல் தாழ்ப்பாள் போடக்கூடாது. நான் மறுபடியும் கூப்பிடுகிறேன்.

"உள்ள," என்கிறாள், யாருக்கும் கேட்காதபடி.

எனக்குக் கேட்டது. போகலாம் என்று கண்டக்டருக்குக் கை காட்டுகிறேன்.